24 எம்பி திறக்கிறது, 41 எம்பி உறைகிறது, 64 எம்பி திறக்கிறது: ஒரு தமிழ்க் கோப்பும் ஒரு காட்சி செட்டிங்கும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சிறிய மொழிபெயர்ப்புக் கந்தோர் ஒன்று இருக்கிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, சுற்றுநிருபம், வழக்குத் தீர்ப்பு என்று சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாறி மாறி வேலை வந்துகொண்டே இருக்கும். அதை நடத்துகிற அக்கா பல வருட வேலையை ஒரே எழுத்துக் கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு வரியில் முதலில் சிங்களப் பந்தி, அப்புறம் ஒரு டேப், அதற்குப் பின் அதே பந்தியின் தமிழ். அங்கே எல்லோரும் அதை இடாப்பு என்று சொல்வார்கள். ஒரு திணைக்களத்தின் பெயரையோ சட்டப் பிரிவொன்றின் வாசகத்தையோ முன்னர் எப்படி மொழிபெயர்த்தோம் என்று பார்க்க அந்த ஒரு கோப்புத்தான் கதி. அது திறக்காவிட்டால் வேலை நின்றுவிடும், அல்லது அதைவிட மோசமாக, ஒரே பெயர் இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாகப் போய்விடும்.

அந்த இடாப்புத்தான் உறைய ஆரம்பித்தது.

"தம்பி, இடாப்பைத் திறந்தா அப்பிடியே நிக்குது. போன கிழமை வரைக்கும் நல்லாத்தானே ஓடினது. இப்ப மூண்டு கொம்பியூட்டரும் அப்பிடித்தான். வைரஸ் ஏதும் வந்திட்டுதோ?" என்று அக்கா கேட்டார். மூன்று கணினியும் ஒரே நேரத்தில் பழுதாவது அபூர்வம், அதனால் அவருக்கு வைரஸ் பயம் வந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேறு எதுவும் மெதுவாகவில்லை. உலாவி ஓடுகிறது, வேர்ட் ஓடுகிறது, பிரிண்டர் ஓடுகிறது. உறைவது அவர்கள் இடாப்பைத் திறக்கும் எடிட்டரான விஎஸ் கோட் மட்டும். அதிலும் சின்னக் கோப்புகள் எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன.

நான் போய்ப் பார்த்தபோது கேட்ட முதல் கேள்வி, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பது. இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றுமே மாற்றவில்லை என்றுதான் பதில் வரும். இங்கே நல்வாய்ப்பாக, புதிதாக வேலைக்குச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி நினைவு வைத்திருந்து தெளிவாகச் சொன்னாள். தமிழ் வரிகள் திரையின் வலது ஓரத்தில் வெட்டுப்படுகின்றன, சில வரிகள் பாதித் திரைக்கு வரும் முன்னரே மடிகின்றன, வாசிக்க எரிச்சலாக இருந்தது, ஆகவே செட்டிங்கில் தேடி வரியை எங்கே மடிப்பது என்று தீர்மானிக்கும் 'ராப்பிங் ஸ்ட்ராட்டஜி' என்ற ஒன்றை 'சிம்பிள்' என்பதிலிருந்து 'அட்வான்ஸ்ட்' என்று மாற்றினாள், உடனே வரிகள் எல்லாம் அழகாக ஓரத்தில் மடிந்தன. அவள் செய்தது சரியான காரியம். அந்தத் தெரிவு இருப்பதே தமிழ், சிங்களம் மாதிரியான எழுத்துகளில் எழுதுகிறவர்களுக்காக என்று சொன்னாலும் பிழையில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆனால் இதை உடனே காரணம் என்று முடிவுகட்டவும் முடியவில்லை, ஏனென்றால் மூன்று விடயங்கள் இடித்தன. அவள் மாற்றியது தன்னுடைய கணினியில் மட்டும், மற்ற இரண்டில் யாரும் கை வைக்கவில்லை, அவையும் உறைகின்றன. அடுத்தது, மாற்றிய பிறகும் சில நாட்கள் எல்லாம் நன்றாகவே ஓடியிருக்கிறது. மூன்றாவதுதான் உண்மையில் தலையைச் சுற்றவைத்தது. அதே கணினியில் 24 எம்பி அளவுள்ள ஒரு பழைய ஆங்கில அறிக்கைத் தொகுப்பு சட்டென்று திறந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் உள்ள 64 எம்பி முழுப் பிரதி ஒன்றும் திறந்தது. இடையில் இருக்கும் 41 எம்பி இடாப்பு மட்டும் உறைந்தது. கோப்புப் பெரிசு, அதனால் தாங்கவில்லை என்ற விளக்கம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. ரேம் கூட்டச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள், வாங்க அக்கா தயாராகவும் இருந்தார். 64 எம்பியைத் திறக்கிற கணினிக்கு 41 எம்பியைத் திறக்க ரேம் போதாமல் போகுமா?

உறைந்த நிலையில் என்ன நடக்கிறது

உறையும்போது விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால், எடிட்டருடைய பல புரொசஸ்களில் ஒன்று மட்டும் 12, 13 சதவீதத்தில் அசையாமல் நிற்கும், நினைவகம் மட்டும் மெல்ல மெல்ல ஏறும். 13 சதவீதம்தானே, சிபியு சும்மா இருக்கிறது என்று பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தக் கணினியின் சிபியுவில் எட்டு இழைகள், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலைகளைத் தனித்தனியாக ஓட்டலாம். எட்டில் ஒன்று முழுசாக உழைத்தால் 100-ஐ எட்டால் பிரித்த அளவு, அதாவது பன்னிரண்டரை சதவீதம் காட்டும். ஆகவே ஒரு இழை மூச்சுவிடாமல் வேலை செய்கிறது, வட்டுக்கோ வலையமைப்புக்கோ அது காத்திருக்கவில்லை. இந்த ஒரு எண்ணே வைரஸ் தடுப்பு மென்பொருளையும் வட்டையும் சந்தேகப் பட்டியலிலிருந்து பெருமளவு தள்ளிவிட்டது.

விஎஸ் கோட் எலக்ட்ரான் என்ற மென்பொருள் சட்டகத்தின் மேல் கட்டப்பட்டது. எலக்ட்ரானுக்குள் குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியம் இருக்கிறது, எனவே நாம் காணும் எடிட்டர் விண்டோ உள்ளே ஒரு வலைப்பக்கம். அந்தப் பக்கத்தைக் காட்டுகிற முதன்மை இழைதான் விசை அழுத்தங்களையும் கவனிக்கிறது, வரிகளையும் வரைகிறது. அது ஒரு நீண்ட கணக்கில் இறங்கிவிட்டால் கர்சர் துடிக்காது, மெனு திறக்காது, கொஞ்ச நேரத்தில் விண்டோ பதிலளிக்கவில்லை என்ற பெட்டி வரும். மீண்டும் திற, காத்திரு, மூடு என்று அதில் தெரிவுகள் இருக்கும். அக்கா ஒவ்வொரு முறையும் மீண்டும் திற என்பதை அழுத்தியிருக்கிறார். எடிட்டர் திரும்ப எழுந்ததும், கடைசியாகத் திறந்திருந்த கோப்பைத் தானாகவே திறந்துகொண்டு மறுபடி உறையும். எடிட்டரே திறக்குதில்லை என்று அவர் சொன்னது இதைத்தான். அதே பெட்டியில் கீழே, திறந்திருந்த கோப்புகளை மீட்க வேண்டாம் என்று ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் சரி போட்டுவிட்டு மீண்டும் திறந்தால் வெறும் விண்டோ வரும், அதன் பிறகு நிதானமாக ஆராயலாம்.

முதலில் எக்ஸ்டென்ஷன்கள் எதுவும் இல்லாமல் திறந்து பார்த்தேன். எடிட்டரைக் கட்டளை வரியிலிருந்து திறக்கும்போது அதற்கென்று சேர்த்து எழுத ஒரு தெரிவு இருக்கிறது. உறைந்தது. ஜிபியு இல்லாமல் திறந்தேன், உறைந்தது. இந்த இரண்டும் விரைவாகச் செய்துவிடக்கூடிய சோதனைகள், பல உறைதல்களுக்கு இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும், ஆகவே செய்யாமல் விடக்கூடாது. அப்புறம் பயனர் தரவுக் கோப்புறையை வெறுமையான வேறோர் இடத்துக்குக் காட்டி, அதாவது இந்த எடிட்டரை யாரும் இதுவரை தொட்டதே இல்லை என்ற நிலையில் திறந்தேன். இடாப்பு உடனே திறந்தது. அதே கணினி, அதே பதிப்பு, அதே கோப்பு. எனவே கோப்பில் கோளாறு இல்லை, நிறுவலில் கோளாறு இல்லை. மிச்சம் இருப்பது செட்டிங்.

செட்டிங் கோப்பில் இருபது வரி அளவில் இருந்தன. பாதியை எடுத்துவிட்டுத் திறப்பது, உறைந்தால் மிச்சப் பாதியில் தேடுவது, உறையாவிட்டால் எடுத்த பாதியில் தேடுவது. இப்படிப் பாதியாக்கிக் கொண்டு போனால் நீளமான பட்டியல்கூட விரைவில் சுருங்கிவிடும். இங்கே ஒரு இடத்தில் சிக்கியது. பட்டியல் இரண்டு வரிக்குச் சுருங்கிய பிறகு எந்த ஒன்றை எடுத்தாலும் உறைதல் போய்விட்டது. ஒன்று வேர்ட் ராப், அதாவது வரி மடிப்பை, இயக்கு என்ற வரி, மற்றது அந்த அட்வான்ஸ்ட் வரி. வரி மடிப்பும் சிம்பிளும் சேர்ந்தால் திறக்கிறது. மடிப்பு இல்லை, அட்வான்ஸ்ட் உண்டு என்றாலும் திறக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மட்டும் உறைகிறது. இப்படி இரண்டு செட்டிங் சேர்ந்து வரும் கோளாறுகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் அகப்பட்டதையே குற்றவாளி என்று எழுதிவிடுவார்கள். அதனால்தான் நாலு சேர்க்கையையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்ப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

சிம்பிள் ஏன் தமிழைக் கெடுக்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் சும்மா அட்வான்ஸ்டை நிறுத்து என்று சொல்லிவிட்டு வந்தால், அந்தத் தங்கச்சிக்கு மறுபடி வெட்டுப்பட்ட வரிகள்தான் கிடைக்கும். அவளுடைய பிரச்சினையும் உண்மையான பிரச்சினை.

சிம்பிள் முறை எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று எடுத்துக்கொண்டு எண்ணுகிறது. திரையில் இத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறது, இத்தனை குறியீடு வந்ததும் மடி, அவ்வளவுதான். ஆங்கிலத்தை ஒரே அகல எழுத்துருவில் எழுதுகிறவருக்கு இது மிகச் சரியாகவும் மிக வேகமாகவும் வேலை செய்யும். தமிழில் இரண்டு இடத்தில் இடறுகிறது. யூனிகோடில் மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றன. 'கண்ணன்' என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது நாலு எழுத்து, உள்ளே ஆறு குறியீடு, ஏனென்றால் இரண்டு புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படும். புள்ளியும் இகரக் குறியும் அதிகம் வரும் வரி, எண்ணிக்கையில் நீளமாகவும் திரையில் குட்டையாகவும் இருக்கும், எனவே பாதியிலேயே மடியும். மறுபக்கம் ண, ஞ மாதிரி அகலமான எழுத்துகள் ஒரு குறியீடாக எண்ணப்பட்டு ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்தின் இடத்தைப் பிடிக்கும், அப்படிப்பட்ட வரி ஓரத்தைத் தாண்டி ஓடிவிடும். ஒரே பந்தியில் இரண்டும் நடக்கும்போது ஓரம் பல்லுப் பல்லாகத் தெரியும். சிங்களத்திலும் இதே கதை.

அட்வான்ஸ்ட் முறை எண்ணுவதை விட்டுவிட்டு உலாவியிடமே அளக்கச் சொல்கிறது. வரிகளை மறைவான ஒரு இடத்தில் உண்மையாகவே எழுதி, உலாவி அவற்றை எங்கே மடிக்கிறது என்று திருப்பிக் கேட்டு, அந்த இடங்களைக் குறித்துக்கொள்கிறது. தமிழைப் பொறுத்தவரை உலாவி சும்மா வரைவதில்லை. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரமும் சேமிப்பில் மெய்க்குப் பின்னால் இருந்தாலும் வரையும்போது முன்னால் வரவேண்டும், ஒகரம் எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிய வேண்டும், இவற்றையெல்லாம் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவாக்க நூலகம் எழுத்துருவின் விதிகளைப் பார்த்துச் செய்து முடித்த பிறகுதான் அகலம் தெரியும். ஆகவே விடை சரியாக வரும், விலையும் கூடும். எடிட்டர் இதை மறைக்கவில்லை. அந்தச் செட்டிங்குக்கான விளக்கத்திலேயே இது மெதுவான முறை, பெரிய கோப்புகளில் உறைதல் வரலாம், ஆனால் எல்லாச் சந்தர்ப்பத்திலும் சரியாக வேலை செய்யும் என்று எழுதியிருக்கிறது.

திரையில் ஒரு நேரத்தில் ஐம்பது வரிதான் தெரியும், அதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றலாம். உருள் பட்டையின் நீளம் சரியாக வர வேண்டுமென்றால், முழுக் கோப்பும் மடிந்த பிறகு மொத்தம் எத்தனை வரி என்று தெரிந்தாக வேண்டும். எனவே கோப்பைத் திறந்தவுடன் முதல் வரி தொடக்கம் கடைசி வரி வரை எல்லாவற்றுக்கும் மடிப்பு இடம் கணக்கிடப்படுகிறது. இடாப்பில் கிட்டத்தட்ட எழுபதாயிரம் வரி, ஒவ்வொன்றும் ஒரு பந்தி. இத்தனையும் ஒரே மூச்சில் உலாவியின் அளவீட்டுக்குள் தள்ளப்படுகிறது, அதுவும் முதன்மை இழையில்.

ஊகம் என்று விடாமல் இதை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. முழுக் கோப்பில் அளக்கப் போனால் அளக்கிற கருவியும் சேர்ந்து திணறும், ஆகவே இடாப்பின் முதல் இரண்டாயிரம் வரியை மட்டும் தனிக் கோப்பாக வெட்டி எடுத்துக்கொண்டேன். எடிட்டரின் உதவி மெனுவில் டெவலப்பர் கருவிகள் இருக்கின்றன, அதில் பர்ஃபாமன்ஸ் பகுதியில் பதிவை ஆரம்பித்துவிட்டு அந்தக் கோப்பைத் திறந்தேன். பதிவில் ஊதா நிறத்தில் நீளமான ஒரு கட்டை, லேயவுட் என்ற பெயருடன். ஊதா என்பது பக்க அமைப்பைக் கணக்கிடும் நேரம், மஞ்சள் என்பது நிரல் ஓடும் நேரம். சிம்பிளுக்கு மாற்றிவிட்டு அதையே திரும்பப் பதிந்தால் அந்த ஊதாக் கட்டை காணாமல் போனது. நாலாயிரம் வரி, எட்டாயிரம் வரி என்று இரட்டித்துக்கொண்டு போனபோது ஊதாவும் கூடவே நீண்டது.

அக்கா வேறொரு முறைப்பாடும் சொல்லியிருந்தார், நடுத்தர அளவுக் கோப்புகளில் இடப்பக்கப் பட்டையை மூடினாலே எடிட்டர் சற்று நேரம் நின்றுவிடுகிறது என்று. அதுவும் இங்கே பொருந்திவிட்டது. பட்டையை மூடினால் எழுதும் பகுதியின் அகலம் மாறும், அகலம் மாறினால் எல்லா மடிப்பு இடமும் செல்லாது, முழுவதையும் மறுபடி அளக்க வேண்டும். எழுத்தளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் அப்படியே.

64 எம்பி ஏன் திறந்தது

இனி அந்தப் புதிர். விஎஸ் கோடில் பெரிய கோப்புகளுக்கென்று ஒரு காப்பு இருக்கிறது, இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். கோப்பு 20 எம்பியைத் தாண்டினாலோ மூன்று லட்சம் வரியைத் தாண்டினாலோ நிறமூட்டல், வரி மடிப்பு, மடித்து மறைத்தல் முதலியவற்றைத் தானே நிறுத்திவிட்டு, உறைவதைத் தவிர்க்க இவற்றை நிறுத்தியிருக்கிறேன் என்று கீழ் மூலையில் ஒரு அறிவித்தல் போடும். 24 எம்பி ஆங்கிலக் கோப்புக்கும் 64 எம்பி முழுப் பிரதிக்கும் அந்த அறிவித்தல் வந்திருக்கிறது, அக்காவும் ஒவ்வொரு முறையும் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். மடிப்பே இல்லாததால் அட்வான்ஸ்டுக்கு அங்கே வேலையில்லை, உறைதலும் இல்லை.

அப்படியானால் 41 எம்பி இடாப்பும் 20-ஐத் தாண்டியதுதானே, அதற்கு ஏன் அந்த அறிவித்தல் வரவில்லை?

அந்த 20 எம்பி என்பது வட்டில் உள்ள பைட் கணக்கு இல்லை. எடிட்டர் கோப்பை உள்ளே வாங்கி, தன்னிடம் இருக்கும் எழுத்துக் குறியீடுகளை எண்ணி, அந்த எண்ணிக்கை 20,971,520-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட், எனவே இரண்டு கணக்கும் ஒன்றாகவே வரும். தமிழின் யூனிகோட் பகுதியில் உள்ள ஒவ்வொரு குறியீடும், சிங்களத்தில் உள்ளதும், கோப்பைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 என்ற முறையில் மூன்று பைட் பிடிக்கும். இடைவெளி, முற்றுப்புள்ளி, எண் மட்டும் ஒரு பைட். பைத்தன் மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல் வரியால் எண்ணிப் பார்த்தபோது 41 எம்பி இடாப்பில் ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல் குறியீடுகள் இருந்தன. எல்லைக்கு உள்ளேதான். 24 எம்பி ஆங்கிலக் கோப்பில் இரண்டரைக் கோடி, எல்லைக்கு வெளியே. 64 எம்பி முழுப் பிரதியில் மூன்று கோடியை நெருங்கியது, அதுவும் வெளியே.

ஆகவே ஆங்கிலத்தில் 20 எம்பியில் வேலை செய்யத் தொடங்கும் காப்பு, தமிழும் சிங்களமும் மட்டுமே உள்ள கோப்பில் ஏறத்தாழ 55 எம்பி வந்த பிறகுதான் தொடங்குகிறது. இடைப்பட்ட அந்த அகலமான பரப்பில் காப்பும் இல்லை. அட்வான்ஸ்ட் மடிப்பு தேவைப்படுகிறவர்களோ நாங்கள்தான், ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு அதைத் தொடவே காரணம் வராது. இந்த இரண்டும் ஒரே ஆட்களின் தலையில் வந்து விழுகிறது என்பதைத்தான் இந்த ஆய்வை எழுதும்போது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. நிரலுக்குள் குறியீடுகளை எண்ணுவது எளிது, எல்லையைக் குறித்தவர் கணக்கில் ஒரு குறியீடு ஒரு பைட். ஆனாலும் தமிழில் பெரிய தரவுக் கோப்புகளோடு வேலை செய்கிற யாரும், அகராதி தொகுக்கிறவரோ பழைய பத்திரிகைகளை எழுத்துணரியால் வாசித்துச் சேர்க்கிறவரோ, தங்கள் கோப்பு 20 எம்பிக்கும் 55 எம்பிக்கும் நடுவில் வந்தால் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்குக் கீழேயும் காப்பு கிடையாது என்பது வேறு, 10 எம்பி தமிழ்க் கோப்பும் இந்தச் சேர்க்கையில் எரிச்சலூட்டும் அளவுக்குத் தாமதிக்கும். சில நாட்கள் நன்றாக ஓடியதாகத் தோன்றியதற்கும் பெரிய மர்மம் இல்லை, அந்த நாட்களில் திறந்தவை எல்லாம் பத்துப் பக்க ஆவணங்கள், இடாப்பை யாரும் திறக்கவில்லை.

மற்ற இரண்டு கணினி

யாரும் தொடாத கணினிகள் உறைந்ததற்குக் காரணம் செட்டிங்ஸ் சிங்க். கந்தோரில் மூன்று கணினியிலும் ஒரே கணக்கில் உள்நுழைந்து சிங்க்கை இயக்கி வைத்திருந்தார்கள். ஒன்றில் மாற்றியது மற்ற இரண்டுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வசதியான ஏற்பாடுதான், ஆனால் கோளாறு தேடும்போது "அந்த மெஷினில் ஒன்றும் மாற்றவில்லை" என்ற வாக்குமூலத்தை நம்ப முடியாமல் ஆக்கிவிடும். வெறும் தரவுக் கோப்புறையுடன் திறந்தபோது உறையாததற்கும் இதுவே காரணம், அங்கே கணக்கும் இல்லை, சிங்க்கும் இல்லை. அட்வான்ஸ்டை நிறுத்த முடிவு செய்கிறவர்கள் சிங்க் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு கணினியில் இருந்து அது திரும்பி வந்துவிடக்கூடும்.

இதோடு சேர்த்து ஒரு குறிப்பு. திரை வாசிப்பான் பயன்படுத்துகிறவர்களுக்கான அணுகல் முறை இயங்கினால், செட்டிங்கில் சிம்பிள் என்று இருந்தாலும் எடிட்டர் அட்வான்ஸ்டைத்தான் எடுக்கும், அதுவும் செட்டிங் விளக்கத்திலேயே இருக்கிறது. இந்தக் கந்தோரில் அது இயங்கவில்லை, பார்த்து உறுதி செய்துகொண்டேன். வேறு இடத்தில் சிம்பிள் போட்ட பிறகும் உறைந்தால் அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

என்ன செய்தோம்

அட்வான்ஸ்டை முழுசாகத் தூக்கி எறியவில்லை. பயனர் செட்டிங்கில் சிம்பிள் என்று திருப்பி, வரி மடிப்பையும் நிறுத்தினோம். அன்றாட மொழிபெயர்ப்புகள் இருக்கும் கோப்புறைக்கு மட்டும் வேர்க்ஸ்பேஸ் செட்டிங்கில் மடிப்பும் அட்வான்ஸ்டும் இயங்கும்படி எழுதினோம். அங்கே உள்ளவை எல்லாம் சின்னக் கோப்புகள், தாமதம் தெரியாது, தமிழும் சிங்களமும் ஓரத்தில் ஒழுங்காக மடியும். கோப்புறை வாரியாகப் பிரிக்க முடியாதவர்கள் மொழி வாரியாகவும் செய்யலாம், மார்க்டவுன் கோப்புகளுக்கு மட்டும் அட்வான்ஸ்ட், மற்றவைக்கு சிம்பிள் என்று எழுத இடம் இருக்கிறது. ஆல்ட் விசையும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் அந்தக் கோப்புக்கு மட்டும் மடிப்பு மாறும் என்பதையும் சொல்லிவைத்தேன், கூடவே அட்வான்ஸ்ட் இயங்கும் இடத்தில் பெரிய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதை அழுத்த வேண்டாம் என்பதையும்.

அப்புறம் இடாப்பை வருட வாரியாகப் பிரித்தோம். பிரிக்கும்போது வரி எண்ணிக்கையில்தான் வெட்ட வேண்டும். பைட் எண்ணிக்கையில் வெட்டினால் மூன்று பைட் எழுத்து ஒன்று நடுவில் பிளந்து, ஒரு துண்டின் கடைசியிலும் அடுத்த துண்டின் தொடக்கத்திலும் உடைந்த குறி வரும். விண்டோஸில் கூடவே வரும் பழைய பவர்ஷெல்லில் செய்கிறவர்கள், கோப்பை வாசிக்கும்போது யூடிஎஃப் 8 என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் கிறுக்கலாக மாறிச் சேமிக்கப்படும். மூலப் பிரதியை வேறு இடத்தில் வைத்துவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும்.

உண்மையில் அக்காவுக்கு இடாப்பைத் திறக்கவே வேண்டிய தேவை இருக்கவில்லை, ஒரு சொல்லைத் தேடத்தான் திறந்துகொண்டிருந்தார். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் அழுத்தினால் வரும் கோப்புறைத் தேடல், ரிப்கிரெப் என்ற வேகமான தேடல் கருவியை வைத்து, எந்தக் கோப்பையும் திறக்காமல் எல்லாக் கோப்புகளிலும் தேடிப் பொருத்தங்களைப் பக்கப் பட்டையில் காட்டும். பொருத்தத்தைச் சொடுக்கினால் அந்த வருடக் கோப்பு மட்டும் திறக்கும். "இது முந்தியே தெரிஞ்சிருந்தா நான் அந்தப் பெரிய ஃபைலை நாள் முழுக்கத் திறந்து வைச்சிருக்க மாட்டனே தம்பி" என்றார்.

வேறு எடிட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வகைக் கோளாறு புதிதில்லை. ஈமாக்ஸ் மிக நீண்ட வரிகளில் திணறுவது பேர்போன விடயம், 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பு அதற்கென்று ஒரு தனி முறையைச் சேர்த்தது, 2023-ல் வந்த 29-ஆம் பதிப்பு காட்சிப்படுத்தலிலேயே கை வைத்தது. விம்மின் உதவிப் பக்கம் கர்சர் வரியை நிறமிடும் தெரிவு திரையை மெதுவாக்கும் என்று சொல்கிறது. எதுவாக இருந்தாலும் அணுகும் வழி ஒன்றுதான்: வெறும் செட்டிங்குடன் திறந்து பார்ப்பது, பாதியாக்கித் தேடுவது, கோப்பின் சிறு துண்டில் அளப்பது.

64 எம்பி முழுப் பிரதியை மட்டும் பிரிக்காமல் விட்டோம், அது காப்புப் பிரதி, யாரும் தினமும் திறப்பதில்லை. அதைத் திறக்கும்போது வரும் அறிவித்தலில், நிறுத்தியவற்றைக் கட்டாயமாக இயக்கு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தக் கோப்புக்கு மட்டும் என்று இல்லாமல், பெரிய கோப்புக் காப்பையே செட்டிங்கில் நிறுத்தி எழுதிவிடும், சிங்க் அதையும் மற்ற கணினிகளுக்குக் கொண்டுபோகும். யாராவது அழுத்திவிட்டால் செட்டிங்கில் 'லார்ஜ் ஃபைல் ஆப்டிமைசேஷன்ஸ்' என்று தேடி மறுபடி இயக்கிவிட்டு, கோப்பை மூடித் திறக்க வேண்டும்.